நெட்டாலுக்குக் காளியம்மாளை அழைத்து வந்தது

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தியாதான் வெளிநாடு. எங்கள் தாத்தா ராசிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து நெட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். அந்த ஊரை நான் முதன்முதலில் பார்த்தது இருபத்துநாலாம் வயதில், பெண் கட்டப் போனபோது. நாலு வருஷம் கழித்து மறுபடி போனேன், கட்டிய பெண்ணை அழைத்துவர. இங்கே சொல்லப்போவது அந்த இரண்டாம் பயணத்தை.

கட்டியவளை அழைத்துவர எதற்கு நாலு வருஷம் என்று கேட்பீர்கள். நெட்டால் சட்டம் அப்படி. இங்கே பிறந்த இந்தியன் ஒரே ஒரு மனைவியை இறக்கிக்கொள்ளலாம். அவள்தான் மனைவி என்று அவள் ஊர்ப் பக்கத்து மாஜிஸ்திரேட்டு விசாரித்து சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். அதில் போட்டோ ஒட்டி, பெருவிரல் ரேகை வைத்து, முத்திரை குத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்யாணமாகி நாற்பது நாள் அவளோடு இருந்தேன். அச்சுக்கூடத்தில் கொடுத்த லீவு முடிந்துவிட்டது. நாமக்கல்லில் மனுக் கொடுத்து, அவளை ரேகை வைக்கச் சொல்லி, காகிதம் பின்னால் வரட்டும் என்று நான் மட்டும் கப்பலேறினேன். காகிதம் வந்தது. போட்டோவில் முகம் தெரியவில்லை என்று டர்பனில் ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுபடி நானே போவதற்கு லீவும் பணமும் சேர்க்க மீதி வருஷங்கள் போயின.

அவர்கள் சொன்னது சரிதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு படக்கடையில் எடுத்த போட்டோ அது. காளியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். துணைக்கு வந்திருந்த அவள் தங்கை நல்லம்மாள், வீட்டில் நல்லாயி, திரைக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். காளியம்மாள் சட்டென்று தலையைத் திருப்பினாள். படத்தில் புடவை இருக்கிறது, வளையல் இருக்கிறது, மடியில் வைத்த கை இருக்கிறது. கழுத்துக்கு மேலே புகை மாதிரி ஏதோ ஒன்று. டர்பனில் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அதில் அவள் முகத்தை நினைவிலிருந்து வைத்துப் பார்ப்பேன். முதல் வருஷம் முகம் வந்தது. பிறகு புகைதான் முந்திக்கொண்டு வந்தது.

அவளுக்கு எழுதத் தெரியாது. அவளுடைய தாய்மாமன் பழனியப்பன்தான் ஆள் வைத்துக் கடுதாசி எழுதுவார். கடைசிக் கடுதாசியில், 'ஊரில் எலி விழ ஆரம்பித்துவிட்டது' என்று ஒரு வரி இருந்தது. பிளேக்கு வருவதற்கு அடையாளம் அது. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் ஒரு கடுதாசியும் வரவில்லை. நான் புறப்பட்டுவிட்டேன்.

சேலத்தில் இறங்கிய அன்று காலை செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். டர்பனில் எங்கள் வீட்டு இட்லி, கிடைத்த அரிசியில் செய்வதால் கல்லு மாதிரி இருக்கும். இங்கே வாயில் போட்டதும் கரைந்தது. எனக்கு என்னவோ எங்கள் வீட்டுக் கல்தான் பிடித்தது. பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க பேசறது தமிழ்தானுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

ராசிபுரம் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்தோம். நெய் வியாபாரி ஒருவர் காலி டின்களை அடுக்கி வைத்துவிட்டு எனக்கு வெற்றிலை நீட்டினார்.

"எந்த ஊருக்குங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். நீட்டிய கை சற்று நின்றது.

"அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"என் மனைவி. நான் நெட்டாலிலிருந்து வருகிறேன்."

அவர் வெற்றிலையை என் கையில் கொடுக்காமல் எனக்கு முன்னால் தரையில் வைத்தார். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய், டிரைவரோடு டயரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மெல்லப் பேசினார். காற்று என் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. "நெட்டால்காரர் கட்டுன புள்ளைதான், காளியம்மா. அது செத்துப்போச்சேப்பா. இவருக்கு இன்னும் தெரியலையாட்ட இருக்குது."

கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டயர் மாட்டியதும் மற்றவர்களோடு நானும் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இடம் ராசிபுரம் வரைக்கும் காலியாகவே இருந்தது.

ராசிபுரத்தில் பிடித்த மாட்டு வண்டிக்காரர் ஊருக்கு அரை மைல் இப்பாலே வண்டியை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல மாடு வராதுங்க" என்றார். மாடு வரத்தான் பார்த்தது. அவர்தான் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். உச்சி வெயில்.

ஊர் இருந்தது, ஆள் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. எல்லா வீட்டிலும் கதவு திறந்து கிடந்தது. கூரை ஓடுகளைப் பிரித்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வெயில் பட்டால் நோய் போகும் என்று அப்படிச் செய்வார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. நான் கண்டதெல்லாம், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நடுக்கூடத்தில் வெயில் கொட்டிக் கிடந்ததைத்தான். அடுப்பின் மேல் வெயில், தொட்டில் கயிற்றின் மேல் வெயில். வீடுகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தன.

அவள் வீடு எது என்று கண்டுபிடித்து உள்ளே நின்றேன். சுவரில் எங்கள் கல்யாணத்துக்கு அடித்த சுண்ணாம்பும் காவியும் இன்னும் பட்டை பட்டையாக இருந்தன. செத்துப்போனவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் வாய் தானாகவே கூப்பிட்டது. "காளியம்மா."

"ஏனுங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். புறக்கடை வாசலில் ஒரு பெண் முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. காய்ச்சலில் முடி கொட்டிப்போய்ப் புதிதாக முளைத்து, காது வரைக்கும்தான் இருந்தது. சிரிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"நீ..."

"நான்தானுங்க."

காளியம்மாளும் நல்லம்மாளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். இரண்டு வயதுதான் வித்தியாசம். எதிரே நிற்பவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிய மனைவியின் முகம் தெரியவில்லை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஊர் ஜனம் எல்லாம் நோய்க்குப் பயந்து காட்டில் ஓலைக் கொட்டாய் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். எதிரே வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. கொட்டாய் வாசலில் காளியம்மாளைப் பெற்ற அத்தை கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. காளியைக் கூட்டிட்டு வரலீங்களா?"

அத்தை எனக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நல்லாயி, மச்சானுக்குத் தண்ணி கொண்டா சாமி" என்றாள். அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமன் பழனியப்பன் என்னை வேலியோரம் கூட்டிப்போனார். "நல்லாயி போயிட்டாளுங்க மாப்பிள்ளை. மூணு பேருக்கும் ஒண்ணாத்தான் காய்ச்சல் வந்துச்சு. எங்கக்கா, அதான் உங்க அத்தை, கண்ணு முழிச்சப்ப ஊட்டுல ஒரு புள்ளைதான் இருந்துச்சு. ஒருத்தி புருசன்கூட நெட்டால் போயிட்டா, ஒருத்தி எங்கிட்ட இருக்கான்னு அவளா முடிவு பண்ணிக்கிட்டா. இல்லைன்னு சொன்னா சோத்தைத் தொட மாட்டேங்கறா. அதனால யாரும் சொல்றதில்லைங்க. இது காளிதான்."

"பஸ்ஸில் காளிதான் செத்தாள் என்றார்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எழுத்துல அப்படித்தான் ஆயிப்போச்சுங்க. உங்களுக்கு என்னன்னு எழுதறதுன்னு தெரியாமத்தான் கடுதாசி போடல."

மறுநாள் ஊர் மணியக்காரரைப் போய்ப் பார்த்தோம். பிறப்பு இறப்புப் புத்தகம் அவரிடம்தான் இருக்கும். பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். காளியம்மாள், வயது இருபது, கொள்ளைக் காய்ச்சல். அழகான கையெழுத்து.

"நான் ஊருக்குள்ள காலை வைக்கலீங்க" என்றார் அவர். "ஏரிக்கரை மேல நின்னு கேட்டுக் கேட்டு எழுதுனேன். உங்க மாமியார் ஊட்டுப் புள்ளை போயிருச்சுன்னு யாரோ சத்தம் போட்டாங்க. அந்த ஊட்டுல எனக்குத் தெரிஞ்ச பேரு காளியம்மாதான். கல்யாணத்துக்கு வந்து உங்க கையில சாப்பிட்டிருக்கேனே."

"திருத்த முடியுமா?"

"தாலூகாக் கச்சேரிக்குப் போயிருச்சுங்க. அதுக்கப்புறம் அது என் எழுத்து இல்லை, சர்க்கார் எழுத்து."

அன்று மத்தியானம் கொட்டாயில் கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டார்கள். நெய் ஊற்றும்போது அவள் கையைப் பார்த்தேன். நடக்கும்போது பாதத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாற்பது நாளும் வீடு நிறைய உறவு ஜனம். பகலில் அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே கொஞ்சம்தான். மாமன் நல்லவர் என்று தெரியும். ஆனாலும் மனசு கணக்குப் போட்டது. பெரியவள் போய், சின்னவள் மிஞ்சியிருந்தால்? காகிதமெல்லாம் பெரியவள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னவளை அந்தப் பெயரில் கப்பலேற்றிவிட்டால் அவளுக்கும் ஒரு வாழ்வு. நெட்டாலில் இப்படி அக்காள் காகிதத்தில் வந்திறங்கிய தங்கைகளைப் பற்றி நானே கேள்விப்பட்டிருக்கிறேன்.

கிணற்றடியில் தனியாக இருந்தபோது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "போட்டோ எடுக்கப் போனோமே, அன்றைக்கு என்ன வாங்கிச் சாப்பிட்டோம், ஞாபகம் இருக்கிறதா?"

"ரொட்டிங்க. நீங்கதான் தின்னீங்க. எனக்கு நாத்தமா இருந்துச்சு, வாயில வைக்கல."

சரியான பதில். ஆனால் அன்றைக்கு நல்லம்மாளும் எங்களோடுதான் இருந்தாள். வேறொன்று கேட்கலாம் என்று யோசித்தேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது என்று எதைச் சொல்வது? ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா தங்கை. எதைத்தான் பேசிக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள்? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நாமக்கல் போனோம். மலைப்பாறை ஊர் நடுவே வழுவழுவென்று நின்றது. எங்கள் டர்பனில் மலை ஊருக்குப் பின்னால் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். இங்கே மலை தெருவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கச்சேரியில் எங்கள் முறை வர மத்தியானம் ஆனது.

மாஜிஸ்திரேட்டு இறப்புப் பதிவின் நகலைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இந்தப் பதிவுப்படி காளியம்மாள் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது" என்றார். அதில் கேலி எதுவும் இல்லை. "நீ யார் அம்மா?"

"காளியம்மாங்க."

"உன் தாயார் ஏன் வரவில்லை?"

மாமன் முந்திக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றார். கூட்டி வந்திருந்தால் பெற்றவளே அவளை நல்லம்மாள் என்று சாட்சி சொல்லியிருப்பாள். மாஜிஸ்திரேட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். இவள்தான் நீங்கள் மணந்த பெண்ணா?"

ஆம் என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் தாமதித்தேன். அந்தத் தாமதத்தை அவர் கவனித்தாரோ இல்லையோ, அவள் கவனித்தாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய மனுவை எடுத்துவரச் சொன்னார். தலைமைக் குமாஸ்தா கட்டை அவிழ்த்து, தூசி தட்டி, அவள் அன்றைக்கு வைத்த பெருவிரல் ரேகையைக் கண்டுபிடித்தார். அவள் விரலில் மை தடவி வெள்ளைத் தாளில் உருட்டினார். இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அவர் உதடு அசைந்தது. கோடுகளை எண்ணுகிறார் போலிருக்கிறது. ஒரு முறை நிறுத்திவிட்டு அவள் விரலை வாங்கிப் பார்த்து, "வேலை செஞ்சு தேஞ்சிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி குனிந்தார். அவள் மை படிந்த விரலை அந்தரத்தில் நீட்டியபடியே நின்றாள். அது வேறு யாருடைய விரலோ என்பது போல இருந்தது அவள் நிற்கும் விதம்.

"ஒரே ரேகைதானுங்க" என்றார் குமாஸ்தா.

மாஜிஸ்திரேட்டு பதிவில் உள்ளது பிழை என்று ஒரு குறிப்பு எழுதி, சர்டிபிகேட்டுக்கு உத்தரவு போட்டார். புதுப் போட்டோவும் அன்றைக்கே எடுத்தோம். இந்த முறை அவள் அசையவே இல்லை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமன் தண்ணீர் தேடிப் போனார். அவள் மண்ணை எடுத்து விரலில் இருந்த மையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கண்ணாடி வெச்சுப் பார்த்தவரை உட நீங்கதான் உத்து உத்துப் பார்த்தீங்க."

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அடையாளம் தெரியவில்லை, காளி."

"நாப்பது நாள் பார்த்த முகந்தானுங்களே. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஓடு பிரிச்ச ஊட்டுக்குள்ள நின்னுக்கிட்டுக் கூப்பிட்டீங்களே, அன்னிக்கு யாரோ ஒருத்தன் எம்புருசன் மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வந்துட்டான்னு நெனச்சேன். கீரைக்கட்டைப் போட்டுட்டு ஓடத்தான் பார்த்தேன்." கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்தாள். "அம்மா என்னை நல்லாயிங்கறா. சர்க்கார் செத்துட்டேங்குது. நீங்களும் அப்படிப் பார்த்தா, நான் காளின்னு எனக்கு மட்டும் எத்தனை நாளைக்குத் தெரியும்?"

எங்கள் கல்யாணத்தில் யாரும் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன். "என்னோடு வருகிறாயா?"

"சர்டிபிகேட்டு வாங்கிட்டுக் கேக்கறீங்க" என்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

புறப்பட்ட காலையில் அத்தை ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய, அரிசி மாவில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். அதைத் துணியில் கட்டி மகள் கையில் கொடுத்தாள். "காளிக்கு இதுன்னா உசுரு. கொண்டுபோய்க் குடு. மச்சானுக்குத் தொந்தரவு குடுக்காம, அக்காளைப் பார்த்துட்டுச் சுருக்கா வந்துரு நல்லாயி."

"வாரேம்மா" என்றாள் காளியம்மாள். தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள். அத்தை அழவில்லை. பத்து நாளில் வருகிறவளை அனுப்பி வைப்பது போலக் கையாட்டினாள். பக்கத்தில் நின்ற மாமன்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தையை அவர்தான் தன் வீட்டோடு வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

கப்பலில் தினம் ஒரு கச்சாயம் எடுத்துத் தின்றாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை. கேட்டதற்கு, "காளிக்குக் குடுத்ததுங்க" என்றாள்.

டர்பன் துறைமுகத்தில் எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். அங்கே வழக்கம் அது. கணவனிடமும் மனைவியிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒத்துப் பார்ப்பார்கள். மாறினால் சந்தேகம், சந்தேகம் வந்தால் மனைவி கரையில் கால் வைக்க முடியாது. வீட்டில் எத்தனை கதவு, கிணறு எந்தப் பக்கம், கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று என்னிடம் கேட்டார்கள். மனைவியுடன் பிறந்தவர்கள் யார் என்றும் கேட்டார்கள். ஒரு தங்கை, பிளேக்கில் இறந்துவிட்டாள் என்றேன்.

அரை மணி கழித்து என்னை மறுபடி கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "எல்லாம் ஒத்துப்போகிறது, ஒன்றைத் தவிர. தங்கை இறந்துவிட்டாள் என்கிறீர்கள் நீங்கள். தங்கை உயிரோடு இருக்கிறாள், ஊரில் அம்மாவோடு இருக்கிறாள் என்கிறாள் உங்கள் மனைவி. இரண்டு முறை கேட்டோம். இரண்டு முறையும் அதையேதான் சொன்னாள். யார் சொல்வது நிஜம்?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். உள்ளதைச் சொன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகும்; விசாரணை முதலிலிருந்து தொடங்கும். நாமக்கல்லில் தாமதித்தது போல இங்கே தாமதிக்கவில்லை.

"நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன், ஐயா" என்றேன். "தங்கை இருக்கிறாள். அம்மாவோடு இருக்கிறாள்."

அவர் என் தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்து டிராமுக்காக நின்றபோது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைத் தனியா உட்டுட்டு வந்துட்டேன்னு எப்படிங்க எழுதச் சொல்றது?" என்றாள்.